விரலுக்குக் காத்திருக்கும் பாட்டு
(வீடியோ கேம் இசை வரலாறு: தொடர் – 7)

சென்ற பகுதியை 1978-இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டோடு நிறுத்தியிருந்தேன். டோமோஹிரோ நிஷிகாடோ அதற்கு வைத்தது நான்கே சுரங்கள். மேலிருந்து கீழே இறங்கும், மறுபடி முதலிலிருந்து இறங்கும், அவ்வளவுதான். திரையில் எதிரிகள் குறையக் குறைய அந்த நான்கும் வேகம் பிடிக்கும். கடைசி எதிரி மிஞ்சி நிற்கும்போது ஆடுகிறவனுக்கு மூச்சு முட்டும். அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆடுகிறவன் கை செய்யும் காரியத்தைப் பார்த்து இசை தன் நடையை மாற்றிக்கொள்ளும் என்ற ஏற்பாடு ஊர் உலகத்தின் காதுக்கு எட்டியது அந்த நான்கு சுரங்களால்தான்.

சினிமாப் பாட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாலரை நிமிடம் என்றால் நாலரை நிமிடம். நாயகன் எந்த நொடியில் திரும்புவான், எந்த நொடியில் மழை கொட்டும் என்பதெல்லாம் இசையமைப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும். வீடியோ கேமுக்கு இசை போடுகிறவருக்கு எதுவுமே தெரியாது. ஒருவன் அரை நிமிடத்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவான். இன்னொருவன் அங்கேயே அரை மணி நேரம் செத்துச் செத்துப் பிழைப்பான். இருவருக்கும் அதே பாட்டுதான் பொருந்த வேண்டும். இந்தக் கலையின் முழுச் சிரமமும் அழகும் இங்கேதான் இருக்கிறது.

அவலூர்பேட்டை, மேல்மலையனூர், செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளங்க வைக்க நான் அதிகம் பேச வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் அர்ச்சுனன் தபசு பார்த்தவர்கள்தானே நாமெல்லாம். நட்டு நிறுத்திய பனைமரக் கம்பத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் ஒவ்வொரு படியாக ஏறுவார். படிக்குப் படி நின்று பாடுவார். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் கீழே விழும். பிள்ளை வரம் வேண்டி ஈரப்புடவையோடு காத்திருக்கும் பெண்கள் மடி ஏந்துவார்கள். அவர் எத்தனை நேரத்தில் ஏறுவார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. காற்று, வயது, தொண்டை, கூட்டத்தின் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்யும். கீழே உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் கண் அவர் காலைவிட்டு அகலாது. கால் அடுத்த படியைத் தேடும்போது தாளம் அதே இடத்தில் சுழலும். கால் படிந்ததும் நடை மாறும். முகவீணை அந்த ஒரு வரியை மூன்று தடவை வாசிப்பதா, முப்பது தடவை வாசிப்பதா என்பது ஏறுகிறவர் கையில் இருக்கிறது. முப்பதாவது தடவையும் அலுக்காமல் வாசிப்பதுதான் கலைஞனுக்கு அடையாளம். வீடியோ கேமுக்கு இசை அமைத்தவர்கள் இதே காரியத்தை ஒரு சில்லுக்குள் அடைக்கப் பாடுபட்டார்கள்.

நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டிக்கு ஐந்தே குரல்கள். இரண்டு குரல் மெட்டுக்கும் துணை மெட்டுக்கும். மூன்றாவது கொஞ்சம் மழுங்கலாக ஒலிக்கும், அதைக் கீழ்ச்சுரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். நான்காவது வெறும் இரைச்சல், அதை வெட்டி வெட்டித் தாளமாக்குவார்கள். ஐந்தாவது, பதிவு செய்த குட்டி ஒலித்துண்டுகளை வாசிப்பதற்கு. இந்த ஐந்தில்தான் பாட்டும் இருக்க வேண்டும், குதிக்கிற சத்தமும் காசு எடுக்கிற சத்தமும் இருக்க வேண்டும்.

நகோயாவில் பிறந்த கோஜி கோண்டோ 1984-இல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். மறு வருடம் செப்டம்பரில் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்தது. மொத்த விளையாட்டே 40 கிலோபைட். படம், விதிகள், எதிரிகள், பாட்டு அத்தனையும் அதற்குள். அந்த முதல் பாட்டைக் கேட்காத காது இன்று உலகத்தில் குறைவு. இதுவரை கவனிக்காதவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மரியோ குதிக்கும்போது அந்தக் குதிப்புச் சத்தம் பாட்டின் ஒரு குரலைப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு கணம் பாட்டு மெலிந்து, அவன் தரையில் இறங்குவதற்குள் மறுபடி நிறைந்துவிடும். ஆக, ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டைவிரலால் அந்தப் பாட்டை ஓட்டை போட்டுக்கொண்டும் அடைத்துக்கொண்டும் இருந்தது. ஒரே பாட்டை இரண்டு பேர் ஒரே மாதிரி கேட்டதில்லை. நேரம் 100-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலித்துப் பாட்டு விரைவுபடும்; அதைக் கேட்டு உள்ளங்கை வியர்க்காதவர் யார்? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2023-இல் இந்த மெட்டைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் வீடியோ கேம் இசை இதுதான்.

இந்த இசை நம்மூருக்கு வந்த வழி வேறு. அசல் ஃபேமிகாம் இங்கே வரவில்லை. அதைப் பார்த்துச் செய்த பெட்டிகள் 1990-களில் சாமுராய், டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர் என்று பல பெயரில் வந்தன. நாம் அதை டிவி கேம் என்றோம். அதில் செருகுவதைக் கேசட் என்றோம். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஆட விட்ட கடைகள் சிறு நகரங்களிலும் முளைத்தன. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான விளையாட்டு என்று அட்டையில் போட்டிருக்கும், திறந்து பார்த்தால் அதே பத்து இருபதுதான் வேறு வேறு எண்ணில் வரும். அந்தத் திருட்டுக் கேசட்டுகளைச் செய்தவர்கள் பல விளையாட்டுகளின் முகப்பிலிருந்து நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் அழித்துவிட்டார்கள். அதனால் ஒரு தலைமுறைக்கே பாட்டு மனப்பாடம், போட்டவர் பெயர் தெரியாது.

‘காண்ட்ரா’வின் முதல் காட்டை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியோடு இரண்டு பேர் குதித்து இறங்கியதும் தொடங்குமே அந்த ஓட்டம், அதை இன்று நாற்பதைக் கடந்த எத்தனையோ பேர் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். 1987-இல் கடைவீதி இயந்திரங்களுக்காக அதை அமைத்தவர் கஸுக்கி முராவோகா. ஃபேமிகாமின் ஐந்து குரலுக்குள் அதைக் கொண்டுவந்தவர்களில் ஹிடேனோரி மேஸாவா முக்கியமானவர். இந்தப் பெயர்களை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டேன்.

பெயர் மறைந்ததற்குத் திருட்டுக் கேசட்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஜப்பானிலேயே அப்படித்தான் இருந்தது. போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயந்து இசையமைப்பாளர்களைப் பட்டப்பெயரில் போட்டார்கள். கேப்காம் நிறுவனத்தின் ‘மெகா மேன்’ (1987) இசையை அமைத்த மனாமி மட்ஸுமேயின் பெயர் ‘சன்சகோரின் மனாமி’ என்றுதான் வந்தது. அதே கேப்காமில் 1988-இல் சேர்ந்தவர் யோகோ ஷிமோமுரா. ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ படித்தவர். பியானோ ஆசிரியை வேலை கைக்கு வந்த நிலையில் அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இன் பெரும்பகுதி இசை அவருடையது.

ஒவ்வொரு நாட்டு வீரனுக்கும் ஒரு பாட்டு. நம் நாட்டுக்காரராக அதில் வரும் தால்சிம்முக்கும் உண்டு. யானைகள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் கையைக் காலை நீட்டி நீட்டி அடிப்பார். அந்த யோகி உருவத்தை நான் ரசித்ததில்லை. இந்தியா என்றால் மண்டையோட்டு மாலையும் வாயில் நெருப்பும்தானா என்ற வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் ஷிமோமுரா அவருக்கு வைத்த இசையில் கேலி இல்லை, நிதானம் இருக்கிறது. அடி பலமாக விழுந்து ஒருவரின் உயிர்க்கோடு தேய்ந்துவிட்டால் எந்த நாட்டுப் பாட்டாக இருந்தாலும் பதறிப் போய் வேகமெடுக்கும். கடையில் பின்னால் நிற்கிறவனுக்குத் திரை தெரியாவிட்டாலும், ஆட்டம் முடியப் போகிறது, அடுத்தது நம் முறை என்று காதே சொல்லிவிடும்.

இதுவரை பார்த்ததெல்லாம் பாட்டை வேகமாக்குவது, இல்லையென்றால் சட்டென்று வெட்டி வேறு பாட்டுக்குத் தாவுவது. அந்த வெட்டுதான் காதை உறுத்தும். அதைச் சரி செய்தவர்கள் அமெரிக்காவின் லூகாஸ் ஆர்ட்ஸில் வேலை பார்த்த மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும். ஐ-மியூஸ் என்று அவர்கள் பெயரிட்ட முறை 1991-இல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’-இல் முதலில் ஒலித்தது. அதில் உடைந்த கப்பல்களால் ஆன ஒரு கரையூர் உண்டு. வெளியே நடக்கும்போது ஒரு மெட்டு. ஒரு கப்பலுக்குள் நுழைந்தால் அதே மெட்டு வேறு வாத்தியத்துக்கு மாறி அந்த அறைக்காரரின் குணத்தோடு ஒலிக்கும். வெளியே வந்தால் பழைய நடைக்கே திரும்பும். தையல் எங்கே என்று தேடினாலும் அகப்படாது. ஆள் கதவைத் திறந்த நொடியில் மாறாமல், பாட்டு மாறுவதற்கு இடம் கொடுக்கிற அடுத்த தாளக்கட்டு வரை பொறுத்து மாறும். படியில் கால் படியும் வரை காத்திருக்கும் மிருதங்கத்துக்கு இயந்திரம் முதன்முதலாக அருகில் வந்தது அப்போதுதான். அந்த முறைக்கு 1994-இல் காப்புரிமையும் வாங்கினார்கள்.

பிறகு வந்தவர்கள் இன்னொரு வழி பிடித்தார்கள். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ (2010) விளையாட்டுக்குப் பில் எல்மும் வூடி ஜாக்சனும் பெரும்பாலான இசையை ஒரே சுருதியில், நிமிடத்துக்கு 130 தட்டு என்ற ஒரே காலப்பிரமாணத்தில் பதிவு செய்தார்கள். எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு வந்து உட்கார்ந்தாலும் இடிக்காது. குதிரை நடந்தால் ஓர் அடுக்கு, துரத்தினால் இரண்டு, சண்டை என்றால் எல்லாம். இந்த ஒரு தகவலை மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் ‘ஜர்னி’ என்பேன். 2012-இல் வந்தது, இசை ஆஸ்டின் விண்டரி. சிவப்பு அங்கி போட்ட ஓர் உருவம் பாலைவனத்தில் நடந்து தூரத்து மலைக்குப் போகிறது, கதை அவ்வளவே. பேச்சு இல்லை, எழுத்து இல்லை. அந்த உருவத்துக்கு விண்டரி கொடுத்த குரல் செல்லோ. டீனா குவோ வாசித்தார். மணலில் தனியாக நடக்கும்போது செல்லோவும் தனியாகவே தேடும். மலை நெருங்கி, பனிக்காற்றில் அடி எடுத்து வைக்க முடியாமல் உருவம் தள்ளாடும்போது இசை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் வற்றிப் போகும். அந்த இடத்தில் அத்தனை மௌனத்தை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கிராமி விருதின் பின்னணி இசைப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் வீடியோ கேம் இசைத்தொகுப்பு இதுதான். விருது கிடைக்கவில்லை. கிராமியைத் தொட்ட முதல் வீடியோ கேம் பாட்டு கிறிஸ்டோபர் டின் சுவாஹிலி மொழியில் அமைத்த ‘பாபா யேத்து’. 2005-இல் ‘சிவிலைசேஷன் 4’-க்காக எழுதியது, 2011-இல் விருது பெற்றது. வீடியோ கேம் இசைக்கென்று கிராமியில் தனிப் பிரிவு முதலில் வழங்கப்பட்டது 2023-இல். வாங்கியவர் ஸ்டெஃபனி எக்கனாமூ.

சரி, நம் பக்கம் வருவோம். புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ நம் புராணங்களை எடுத்துக்கொண்ட விளையாட்டு. அதன் இசையைக் கிரேக்கரான லினோஸ் ட்ஸெலோஸ் அமைத்தார். 2022-இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-க்கு வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளே ஒரு தனிக் கதையாக இருக்கிறது. பெருமைதான். ஆனால் இவற்றிலெல்லாம் நம் சரித்திரம் களமாக இருக்கிறது, தமிழ் காது வளர்ந்த விதம் இசையில் இல்லை.

அது வந்தது 2023 ஜூலை 31 அன்று, ‘வெண்பா’வோடு. கனடாவின் டொரண்டோவிலுள்ள விசை கேம்ஸ் செய்தது. வடிவமைத்தவர் அபி, சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். இசை ஆல்ஃபா சம்திங். கதை 1988-இல் தொடங்குகிறது. வெண்பாவும் பாவலனும் கனடாவுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தம்பதி. மகன் கவின் பிறந்து வளர்ந்து, பள்ளியில் கெவின் ஆகி, அம்மாவின் சாப்பாட்டு டப்பாவைக் கண்டு கூசி, பிறகு திரும்பி வருவது வரைக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆடி முடிக்கலாம். ஆடுவது என்றால் சமைப்பது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்து, கறை படிந்து, பாதி அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரை ஏறும், புட்டுக் குழலில் எது முதலில், எது பிறகு என்று விட்டுப்போன வரிகளை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும்.

அந்தச் சமையலறையில் வானொலி பாடுகிறது. பாட்டுகள் அத்தனையும் இந்த விளையாட்டுக்கென்றே புதிதாக எழுதி, மெட்டமைத்து, தமிழில் பாடியவை. ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்துத் தமிழ்ப் படப்பாட்டின் வார்ப்பில் இருக்கிறது. முதல் இட்லிக்கு வயலின் கூட்டமும் தபேலாவுமாக எண்பதுகளின் நடை. வருடம் போகப் போகக் கணினித் தாளமும் அடர்ந்த கீழ்ச்சுரமும் உள்ளே வருகின்றன. இளையராஜா காலம் இது, ரகுமான் வந்துவிட்டார் இப்போது, இது நேற்றைய பாட்டு என்று தமிழ்நாட்டில் வளர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். திரையில் ஆண்டு தெரிவதற்கு முன்பே காது ஆண்டைச் சொல்கிறது. பாட்டை நகல் எடுப்பது சுலபம், ஒரு காலத்தின் ஒலியை நகலாகாமல் புதிதாகப் படைப்பது கஷ்டம். ஆல்ஃபா சம்திங் அந்தக் கஷ்டமான வேலையைச் செய்திருக்கிறார். இதுவரை இல்லாத ஒரு பழைய பாட்டை முதல் தடவை கேட்கும்போது, எங்கோ பேருந்தில் கேட்டிருக்கிறோமே என்று நெஞ்சு நம்பிவிடுகிறது.

இன்னொன்று. வெண்பாவின் சமையலில் கடிகாரம் ஓடாது. தப்பாக அடுக்கினால் மறுபடி அடுக்கலாம், யாரும் விரட்டுவதில்லை. இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த இசையில் பாதி ஆடுபவனை விரட்டிய இசை. மரியோவில் 100-க்குக் கீழே, ஸ்ட்ரீட் ஃபைட்டரில் உயிர்க்கோடு தேயும்போது, ஸ்பேஸ் இன்வேடர்ஸில் முதலிலிருந்தே. இங்கே வானொலி பாடிக்கொண்டே இருக்கிறது, நாம் மாவைக் கரைத்துக்கொண்டே இருக்கலாம். சமையலறையில் பாட்டு கேட்ட எந்தத் தமிழ் வீட்டுக்கும் தெரிந்த பொறுமை அது. உலகமும் அதைக் கேட்டது. சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசான ஷேமஸ் மெக்னாலி விருது 2024-இல் ‘வெண்பா’வுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுக விளையாட்டுக்கான விருதைக் கொடுத்தது.

டொரண்டோவிலிருந்து இதைச் செய்ய முடியுமென்றால் செஞ்சியிலிருந்து என்ன செய்யலாம்? 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அதில் செஞ்சியும் ஒன்று. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் படமெடுக்க இனி நிறையப் பேர் வருவார்கள், விளையாட்டு செய்கிறவர்களும் வருவார்கள். கல்லையும் களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் அச்சு அசலாகத் திரையில் கட்டிவிடுவார்கள். பின்னணிக்கு எங்கிருந்தோ ஒரு சித்தாரை வாங்கி ஒட்டிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் எழுதிய நூலின் துணைத்தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்குப் போகிறது. மேலச்சேரி கோயில் அந்த வழிபாட்டின் வேர். இந்த மண்ணின் சத்தம் முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் பின்பாட்டும்தான். மேல்மலையனூர் என்றால் பம்பையும் உடுக்கையும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு கூத்துக் குழுவை அழைத்து, ஒரே சுருதியில், முகவீணையைத் தனியாக, மிருதங்கத்தைத் தனியாக, பின்பாட்டைத் தனியாக அடுக்கடுக்காகப் பதிய வேண்டும். வேடக்காரர் எதிரே ஆடாமல் வாசிக்கச் சொன்னால் வாத்தியக்காரர்களுக்குக் கை ஓடாது. அதனால் பதிவின்போதும் அர்ச்சுனனைக் கம்பத்தில் ஏற்றுங்கள். ஒரு முறை மெதுவாக, ஒரு முறை வழக்கம்போல, ஒரு முறை நடுப்படியில் நெடுநேரம் நின்று. மூன்றுக்கும் அவர்கள் வாசிப்பதைப் பதிந்தால், ராஜகிரிப் படிகளில் ஏறும் ஆட்டக்காரன் எந்த வேகத்தில் ஏறினாலும் தாளம் அவனோடு வரும். அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஓடும் பட்டியலில் ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், முகவீணை வாசித்தவர் பெயரும் மிருதங்கம் வாசித்தவர் பெயரும் அவரவர் ஊரோடு வர வேண்டும்.

அடுத்த பகுதியில் ‘டிராகன் க்வெஸ்ட்’டின் கோயிச்சி சுகியாமா. வீடியோ கேம் இசையை 1987-இல் டோக்கியோவின் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் அவர். அந்த இசை 2021 ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு ஒலித்த கதையையும் அங்கே பார்ப்போம்.